இரவெல்லாம் ஓடிய கப்பல்கள்

அமெரிக்க நதிகளில் துடுப்புச் சக்கரக் கப்பல்களின் இராப்பிரயாணம் அஸ்தமித்து வருகிறது. நம் கரைகளிலிருந்து அயல்நாடுகளுக்குப் போன இராக்கப்பல் பிரயாணமோ முடிந்து நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. அதன் விளைவு, கடலே காணாத திருவண்ணாமலை வரையில் வந்து சேர்ந்திருக்கிறது.

நாகப்பட்டினத்துக் கடற்கரையில் நின்றவர்களுக்கு ‘ரஜூலா’ கப்பல் முதலில் எட்டத்தில் நங்கூரமிட்ட ஒரு கறுப்பு உருவமாகவும், அதன் கரிய புகைபோக்கியைச் சுற்றிய இரண்டு வெள்ளைப் பட்டைகளாகவும்தான் புலப்பட்டது. பெரிய கப்பல்கள் வந்து அணைவதற்கேற்ற ஆழமான துறை அங்கே இல்லாமையால், பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போகிறவர்கள் கரையில் படகேறி, அலைமேல் தூக்கித் தூக்கிப் போடப்பட்டு, கப்பலின் விலாவில் தொங்கிய ஏணியை நெருங்கி, அலை படகை உயர்த்தும் கணம் பார்த்துக் காலை எடுத்து வைக்க வேண்டும். இடுப்பில் குழந்தையோடு வந்த பெண்களைப் படகுக்காரர் கீழிருந்து தாங்க, மாலுமி மேலிருந்து கைகொடுத்து ஏற்றுவார். அவர்களுக்குப் பின்னால் தகர டிரங்குகளும், பாய்ச்சுருட்டுகளும், ஊறுகாய் ஜாடிகளும், முறுக்கு டின்களும், குலதெய்வத்தின் திருநீற்றுப் பொட்டலங்களும் ஏறின. தளத்துக்கு வந்து சேர்ந்ததும் செய்யவேண்டிய முதற்காரியம், காற்றும் நிழலும் ஒருங்கே கிடைக்கும் ஓரிடம் தேடிப் பாயை விரிப்பது. ஏனெனில் டெக் டிக்கெட் வாங்கியவருக்கு அறையில்லை, கட்டிலில்லை, ஒரு வாரத்துக்கு அந்தப் பாயளவு இடமே வீடு. இருட்டுகிற வேளையில் சங்கு ஊதும். நங்கூரச் சங்கிலி ஏறும். கரையின் விளக்குகள் ஒவ்வொன்றாக மறையும். பக்கத்துப் பாயில் இருப்பவர் எந்த ஊர், எந்தத் தோட்டம், யாருக்கு என்ன உறவு என்ற விசாரணை தொடங்கும்.

1926 முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம், யுத்தம் குறுக்கிட்ட ஆண்டுகள் நீங்கலாக, சென்னை, நாகை, பினாங்கு, கிள்ளான் துறை, சிங்கப்பூர் என்ற அந்தப் பாதையில் இந்தக் காட்சி திரும்பத் திரும்ப நிகழ்ந்தது. இன்றைக்கு நாகையிலிருந்தோ சென்னையிலிருந்தோ மலேசியாவுக்கோ சிங்கப்பூருக்கோ செல்ல, சாமானிய ஜனங்கள் சீட்டு வாங்கி ஏறக்கூடிய கப்பல் ஒன்றுகூட இல்லை.

■ மலையடிவாரமும் கடலும்

திருவண்ணாமலைக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர் கேட்கலாம். கிட்டிய கடற்கரையாகிய புதுச்சேரியே நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. ஆனால் விழுப்புரம் ஜங்ஷன் என்ற ஒரு சந்திப்பு, மலையடிவாரத்து ஊரைச் சமுத்திரப் பாதைகளோடு பிணைத்து வைத்திருந்தது. காட்பாடியிலிருந்து திருவண்ணாமலை வழியாக வரும் ரயில் அங்கே தெற்கத்திப் பிரதான பாதையைத் தொட்டது. அந்தப் பாதையில் ஏறினால் நாகைக்கும், தூத்துக்குடிக்கும், பிற்காலத்தில் தனுஷ்கோடிக்கும் போகலாம். வட ஆற்காட்டு மாவட்டத்தின் வறண்ட கிராமங்களிலிருந்து, ஆள்சேர்க்க வந்த கங்காணிகளின் பின்னே மலேயாத் தோட்டங்களுக்குப் புறப்பட்ட குடும்பங்கள் இரும்புப் பாதையையும் நீராவியையும் நம்பியே புறப்பட்டன.

எதிர்த் திசையில் வந்தவர்களும் உண்டு. 1896ஆம் ஆண்டு ஆகஸ்டு மாத இறுதியில் மதுரையிலிருந்து ரயிலேறி, திண்டிவனத்துக்குச் சீட்டு வாங்கியிருந்தும், விழுப்புரத்தில் வண்டி மாறினால் திருவண்ணாமலைக்குப் பாதையுண்டு என்று சக பிரயாணி ஒருவர் சொல்லக் கேட்டு வழி திருந்திய பதினாறு வயதுப் பிள்ளை வேங்கடராமன், செப்டம்பர் 1ஆம் தேதி அருணாசலேசுவரர் சந்நிதியை அடைந்து, பின்னர் ரமண மகரிஷியாக விளங்கியதை இவ்வூரில் அறியாதாரில்லை. அவர் வந்த அந்தப் பிரதான பாதைதான், கொழும்பிலிருந்து ஓர் இரவுக் கப்பலில் தூத்துக்குடிக்கு வந்திறங்கியவர்களைச் சென்னைக்குக் கொண்டுசென்ற பாதையும். அவருடைய ஆசிரமம் தழைத்தபின் யாழ்ப்பாணத்திலிருந்தும் கொழும்பிலிருந்தும் அவரை நாடிவந்த அடியார்கள் கப்பலும் ரயிலும் மாறிமாறித்தான் வந்தார்கள். பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் கொண்டுவிற்றுப் பொருளீட்டிய நாட்டுக்கோட்டை நகரத்தாரின் திருப்பணிகளில் ஒரு பங்கு அருணாசலேசுவரர் கோயிலின் மதில்களிலும் மண்டபங்களிலும் சேர்ந்திருக்கிறது என்பதை நினைத்தால், இந்த ஊரின் கருங்கல்லிலும் கப்பலின் கூலி கலந்திருக்கிறது என்று சொல்வது மிகையாகாது.

■ மிசிசிப்பியில் நடந்தது

இந்தக் கதையை அமெரிக்காவில் நடந்ததோடு வைத்துப் பார்ப்பது நல்லது. மிசிசிப்பி, ஒஹாயோ நதிகளில் கப்பலின் பின்புறத்திலோ பக்கத்திலோ பெரிய துடுப்புச் சக்கரம் சுழல, நீராவியால் ஓடிய கப்பல்கள் 19ஆம் நூற்றாண்டில் அந்தத் தேசத்தின் உட்பகுதிக்கே உயிர்நாடியாக இருந்தன. ரயில் வந்தது, பிறகு சாலை வந்தது, பருத்தியும் பிரயாணிகளும் கரையேறிவிட்டார்கள். கப்பலுக்கு இருந்த தேவை போனபிறகு எஞ்சியது அதன்மேல் இருந்த பிரியம் ஒன்றுதான். அந்தப் பிரியத்தை மூலதனமாக வைத்து, இராத் தங்கி உல்லாசமாகச் செல்லும் பிரயாணங்களை நடத்தினார்கள்.

‘டெல்டா குவீன்’ அவற்றில் மிகப் புகழ்பெற்றது. 1966இல் அமெரிக்கக் காங்கிரஸ் கடற்பாதுகாப்புச் சட்டம் இயற்றி, மரத்தாலான மேற்கட்டடம் கொண்ட கப்பல்கள் ஐம்பதோ அதற்கு மேலோ பிரயாணிகளை இரவில் ஏற்றக்கூடாதென்று விதித்தபோது, எஃகு உடலும் மர மாளிகையும் கொண்ட அந்தக் கப்பல் அதில் சிக்கிக்கொண்டது. ஜனங்கள் மனுக்களில் கையொப்பமிட்டார்கள், பத்திரிகைகள் எழுதின, காங்கிரஸ் விதிவிலக்கு அளித்தது, அது முடியும்போதெல்லாம் மீண்டும் நீட்டியது. 2008இல் நீட்டிப்பு நின்றது. சில ஆண்டுகள் அது டென்னசி மாநிலத்துச் சட்டனூகாவில் நிறுத்திவைத்த ஹோட்டலாக இருந்தது. 2018இல் மறுபடி விதிவிலக்குக் கிடைத்தும், பழுதுபார்க்கப் பெரும் பணம் வேண்டியிருந்தமையால் லூசியானாவின் ஒரு துறையில் ஓடாமல் கிடக்கிறது. அதன் தோழியாக 1976இல் வந்த ‘மிசிசிப்பி குவீன்’ உடைக்கப்பட்டுவிட்டது. கப்பல்களை நடத்திய ஸ்தாபனங்களும் ஒன்றன்பின் ஒன்றாக வீழ்ந்தன: 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் ஒன்று திவாலாயிற்று, 2008இல் இன்னொன்று விலகியது, 2024 பிப்ரவரியில் ‘அமெரிக்கன் குவீன்’ கப்பலை நடத்திய ஸ்தாபனமும் கதவடைத்தது.

ஆகவே அங்கே நடந்தது இது: தேவை முதலில் மறைந்தது, ஆதரவு நெடுநாள் நீடித்தது. நம் கடலில் நடந்ததோ இதற்கு நேர்மாறு. இங்கே தேவை ஒருநாளும் மறையவில்லை. கப்பலுக்காகக் குரல் கொடுக்கத்தான் ஆளில்லாமற் போயிற்று. பாயளவு இடத்தில் படுத்துப் போனவர்கள் எந்தச் சட்டசபைக்கு மனுப் போட்டிருக்க முடியும்?

┌ பெட்டிச் செய்தி: கிளைட் நதிக்கரையில் பிறந்தவை
ஸ்காத்லாந்தின் கிளைட் நதிக்கரைத் தொழிற்சாலைகளில்தான் இரண்டு கதைகளும் தொடங்குகின்றன. ‘ரஜூலா’ கிளாஸ்கோவின் பார்க்ளே கர்ல் பட்டறையில் 1926இல் கட்டப்பட்டது. அடுத்த ஆண்டு கலிபோர்னியாவில் வேலைமுடிந்த ‘டெல்டா குவீன்’ கப்பலின் எஃகு உடலும் அதே நதியின் கீழே, டம்பார்ட்டனில் இருந்த டென்னி பட்டறையில் செய்யப்பட்டு, பகுதி பகுதியாகக் கடல் கடந்து போய்ப் பொருத்தப்பட்டது. ‘ரஜூலா’வோடு பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக்காக அதே ஆண்டில், ஆனால் வேறு நதிக்கரையில், கட்டப்பட்ட ‘ரோனா’, இரண்டாம் உலக யுத்தத்தில் துருப்புக் கப்பலாக மாற்றப்பட்டு, 1943 நவம்பர் 26 அன்று மத்தியதரைக் கடலில் ஜெர்மானிய வழிகாட்டு வெடிகுண்டுக்கு இரையாயிற்று. அதில் இறந்த அமெரிக்கச் சிப்பாய்கள் மட்டும் ஆயிரத்துக்கு மேல்.
┘

■ தூத்துக்குடியில் மாலை, கொழும்பில் காலை

இராக்கப்பல் என்ற பெயருக்கு முழுப் பொருத்தம் உடையது தூத்துக்குடி கொழும்புப் பாதை. 1876இல் தூத்துக்குடிக்கு ரயில் வந்தபின், சென்னையிலிருந்து புறப்படும் தபால் வண்டி தூத்துக்குடியில் கப்பலோடு இணைந்தது. அங்கும் ஆழமில்லாத கடலாதலால் கப்பல் சில மைல்கள் தள்ளி நிற்கும். சிறு நீராவிப் படகுகளில் போய்ச் சேர்ந்தால், இரவு முழுவதும் ஓடி மறுநாள் கொழும்பில் இறங்கலாம். பலசரக்கு வியாபாரி, கோயில் மேளக்காரர், தோட்டத்துக்குப் போகும் கூலிக் குடும்பம், படிக்கப் போகும் பிள்ளை ஆகிய எல்லோரும் ஒரே இரவை ஒரே தளத்தில் கழித்தார்கள்.

1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடி வரை ரயிலும், அங்கிருந்து இருபத்திரண்டு மைல் தூரத்துத் தலைமன்னாருக்கு நீராவிக் கப்பலும் ஏற்பட்டபின், ‘போட் மெயில்’ என்று எல்லோர் நாவிலும் நின்ற பிரயாணம் உருவாயிற்று. சென்னை எழும்பூரில் ஒரே சீட்டு வாங்கி, ஒரு ரயிலிலிருந்து கப்பலுக்கும் கப்பலிலிருந்து மறுகரை ரயிலுக்கும் மாறிக் கொழும்புக் கோட்டை நிலையத்தில் இறங்குவதென்பது, இன்றைக்கு நாம் கற்பனை செய்யவும் கூசுகிற ஒழுங்கு. இரண்டு அரசாங்கங்களின் ரயில்களும் ஒரு கப்பலுக்காகக் காத்திருந்தன என்பதை இக்காலத்துப் பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள்.

┌ பெட்டிச் செய்தி: சுதேசிக் கப்பல்
ஏழைப் பிரயாணியின் சீட்டுக்காக நடந்த மாபெரும் போட்டி இந்தப் பாதையில்தான் நடந்தது. வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906இல் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியை நிறுவி, ‘காலியா’, ‘லாவோ’ என்ற இரு கப்பல்களை வாங்கிக் கொழும்புக்கு ஓட்டினார். பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கட்டணத்தை அடிமட்டத்துக்குக் குறைத்து, ஒரு கட்டத்தில் இலவசமாகவே ஏற்றவும் முன்வந்தது. 1908 மார்ச்சு 12 அன்று அவர் கைது செய்யப்பட்டார். 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது. போட்டி ஒழிந்தபின் கட்டணம் பழையபடி ஏறியது.
┘

■ எப்படி நின்றது

ஒரே நாளில் நின்றதல்ல. 1938இல் தோட்டக் கூலிகளை உதவித்தொகை கொடுத்து மலேயாவுக்கு அனுப்புவதை இந்திய அரசாங்கம் தடை செய்தது. நியாயமான தடைதான், ஏனென்றால் கூலியைக் குறைத்துக்கொண்டே ஆட்களைச் சேர்த்துவந்தார்கள். ஆனால் அதோடு போக்குவரத்தின் பெரும்பகுதி அற்றது. யுத்தம் வந்தது. 1942இல் ஜப்பானியர் பர்மாவில் நுழைந்தபோது, ரங்கூனுக்குக் கப்பலில் போயிருந்த நம்மவர்கள் லட்சக்கணக்கில் காடுமலை கடந்து கால்நடையாகத் திரும்பினார்கள். அந்நாட்டு ஐராவதி நதியில், உலகத்திலேயே பெரிய தனியார் நதிக்கப்பல் கூட்டமாக விளங்கிய ஐராவதி ப்ளொட்டிலா கம்பெனியின் துடுப்புச் சக்கரக் கப்பல்களை, எதிரி கையில் சிக்கலாகாதென்று அதன் அதிகாரிகளே துளையிட்டு மூழ்கடித்தார்கள். மிசிசிப்பியின் மரபு ஆசியாவில் முறிந்த இடம் அது. வங்காள தேசத்தில் ‘ராக்கெட்’ என்று பெயர்பெற்ற துடுப்புச் சக்கரக் கப்பல்கள் மட்டும், டீசல் இயந்திரம் பொருத்தப்பட்டு, டாக்காவிலிருந்து தென்பகுதிக்கு இரவில் போய்க்கொண்டிருந்தன. 2022இல் பத்மா நதியின்மேல் பாலம் திறந்தபின் அவையும் ஓய்ந்தன.

யுத்தத்துக்குப்பின் தோன்றிய புதிய தேசங்கள் ஒவ்வொன்றும் தன் வாசலில் கடுமையான காவலை வைத்தது. 1953 முதல் மலேயாவும் சிங்கப்பூரும் குடிநுழைவைச் சட்டத்தால் இறுக்கின. பிறந்த ஊருக்கு ஒருமுறை வந்து பெற்றோரைப் பார்த்துவிட்டுத் திரும்புவது என்ற இயல்பான காரியம், பாஸ்போர்ட்டும் மறுநுழைவு அனுமதியும் சார்ந்த காரியமாயிற்று. தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பிரயாணிகளை ஏற்ற உரிமம் பெற்றிருந்த ‘ரஜூலா’வில் அந்தத் தொகை படிப்படியாகக் குறைக்கப்பட்டது. 1973இல் அதை இந்தியக் கப்பல் கழகம் வாங்கி ‘ரங்கட்’ என்று பெயரிட்டது. அடுத்த ஆண்டே பம்பாயில் உடைக்கப்பட்டது. அதே சமயம் வந்த ‘சிதம்பரம்’, 1966இல் பிரான்ஸில் ‘பாஸ்தர்’ என்ற பெயரில் கட்டப்பட்ட நல்ல கப்பல். மேலும் பன்னிரண்டு ஆண்டு காலம் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடி, 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்துப் பல உயிர்களைப் பலிகொண்டு, உடைப்பாரிடம் போயிற்று. அதற்கு மாற்றாக வேறு கப்பல் விடப்படவில்லை.

விமானம்தான் கப்பலைக் கொன்றது என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதில் உண்மையுண்டு: நான்கு மணி நேரத்தில் போகும் பாதையை ஒரு வாரத்தில் கடக்க, நூற்றுக்கணக்கான சிப்பந்திகளுக்கும் எண்ணெய்க்கும் செலவு செய்தால் எந்தக் கணக்கும் நேராகாது. தபால் வருமானம் விமானத்துக்குப் போயிற்று. சரக்கு வருமானம் பெட்டகக் கப்பல்களுக்குப் போயிற்று. டெக் பிரயாணியின் சில்லறைக் கட்டணம் மட்டும் மிஞ்சியது. ஆயினும் இதையே முழு விளக்கமாக நான் ஏற்கமாட்டேன். சென்னைத் துறைமுகத்திலிருந்து அந்தமான் தீவுகளுக்கு ‘நான்கௌரி’, ‘நிகோபார்’, ‘ஸ்வராஜ் தீப்’ போன்ற கப்பல்கள் இரண்டு மூன்று இரவுகள் கடலில் கழித்து இன்றும் போய்வருகின்றன. பங்க் வகுப்பில் கூலி வேலைக்காரரும் மாணவரும் போகிறார்கள். அந்தப் பாதைக்கும் விமானம் உண்டு. அதுவும் லாபம் தரும் பாதையல்ல. தீவு ஜனங்களுக்குக் கப்பல் ஓட்டுவது தன் கடமையென்று அரசாங்கம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆகையால் கப்பல் ஓடுகிறது. கடலின் மறுகரையில் வேறு கொடி பறக்கும் இடத்தில் வாழும் தமிழருக்கும், அவர்களுடைய இக்கரை உறவினருக்கும் அத்தகைய கடமைக்காரர் யாரும் அமையவில்லை.

┌ பெட்டிச் செய்தி: தனுஷ்கோடி, 1964
அக்டோபர் 30: இலங்கை மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று சிறிமாவோ பண்டாரநாயகாவும் லால்பகதூர் சாஸ்திரியும் உடன்படிக்கை செய்துகொண்டார்கள்.
டிசம்பர் 22 நள்ளிரவு: புயலும் கடற்பெருக்கும் தனுஷ்கோடியை அழித்தன, பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த ரயில் பிரயாணிகளோடு மூழ்கியது.
அதன்பின் கப்பல் இராமேசுவரத்திலிருந்து தலைமன்னாருக்கு ஓடியது. தாயகம் திரும்பியோர் அதில்தான் வந்திறங்கி, மண்டபம் முகாமில் பதிவு செய்யப்பட்டார்கள். இலங்கையில் யுத்தம் மூண்டபின், 1984இல் அந்தப் பாதையில் ஓடிய ‘ராமானுஜம்’ கப்பலின் போக்குவரத்து நின்றது.
┘

■ கப்பல் போனபின்

கப்பல் நின்றதால் யாருக்கு என்ன நேர்ந்தது என்பதை நம் நாட்டில் யாரும் முறையாக விசாரித்ததாகத் தெரியவில்லை. பௌர்ணமியன்று திருவண்ணாமலையின் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் நடந்தால், அதன் ஒரு விளைவைக் கண்ணாரக் காணலாம். மலேசியத் தமிழும் சிங்கப்பூர்த் தமிழும் கலந்து ஒலிக்க, கூட்டம் கூட்டமாக வருகிறவர்களில் பலர் மீனம்பாக்கத்தில் இறங்கி, வாடகை வண்டியில் நேரே இங்கே வந்து, காஞ்சிபுரமும் சிதம்பரமும் தஞ்சையும் பார்த்து, ஒரு வாரத்தில் திரும்புகிறவர்கள். பாட்டனார் எந்த ஊரென்று கேட்டால் மாவட்டத்தின் பெயர் தெரியும். தாலுகா சிலருக்குத் தெரியும். கிராமம் தெரிந்தவர் அரிது. அவர்களுடைய பக்தியில் எவ்விதக் குறையும் இல்லை. என் கவலை வேறு. ஒரு காலத்தில் மலேயாவிலிருந்து வந்தவர் முதலில் போனது தம் கிராமத்துக்கு, கோயில் அதற்குப்பின். கப்பலில் வந்தவர் பெட்டி பெட்டியாகப் பொருள் கொண்டுவந்தார், மாதக்கணக்கில் தங்கினார், காதுகுத்தும் கல்யாணமும் நடத்தினார், நிலத்தகராறு தீர்த்தார், தங்கை மகளைத் தம் மகனுக்குப் பேசி முடித்தார். அந்த நீண்ட தங்கல்தான் இரண்டு கரைகளையும் ஒரே குடும்பமாக வைத்திருந்தது. விமானச் சீட்டு ஐந்து பேருக்கு வாங்கவேண்டிய தோட்டத் தொழிலாளி வரவே இல்லை. வாங்க முடிந்தவர் வந்தாலும் விடுமுறை நாட்களை எண்ணிக்கொண்டு வந்தார். ஓரிரு தலைமுறைகளில் கிராமத்து உறவு நூலறுந்தது. உறவினர் வீடு இருந்த இடத்தில் இன்று தீர்த்த யாத்திரை இருக்கிறது. திருவண்ணாமலை போன்ற பொதுவான தலங்கள், சொந்த ஊரை இழந்தவர்களுக்குச் சொந்த ஊராக மாறியிருக்கின்றன. இங்கே விடுதிகள் பெருகியதற்கு ரஜினிகாந்த் முதலிய பிரபலங்களின் வருகையைக் காரணமாகச் சொல்வார்கள். தாத்தாவின் ஊருக்குப் போக வழிதெரியாதவர்கள் எத்தனை பேர் அவற்றில் தங்குகிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

நாகப்பட்டினம் அடைந்த நஷ்டம் கண்ணுக்குத் தெரிவது. கப்பல் வரும் நாட்களில் சத்திரங்களும் சாப்பாட்டுக் கடைகளும் படகுக்காரர்களும் மூட்டை தூக்குவோரும் தரகர்களும் சேர்ந்து வாழ்ந்த ஊர் அது. நாகூர் ஆண்டவர் தர்காவுக்குக் கந்தூரிக்கு வந்த மலேயா முஸ்லிம்கள், தம் பாட்டன்மார் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் நாகூரின் பெயரிலேயே எழுப்பிய தர்காக்களிலிருந்து புறப்பட்டு, மூல தர்காவுக்கு அருகிலேயே வந்திறங்கினார்கள். இப்போது அவர்கள் திருச்சியிலோ சென்னையிலோ இறங்குகிறார்கள். இடையிலிருந்த துறைமுகத்தின் கடைத்தெருவில் அவர்கள் செலவிட்ட பணம் இல்லாமற் போயிற்று.

இவற்றைவிடக் கொடிய விளைவு இலங்கைக் கடலில் விளைந்தது. 1984இல் சட்டபூர்வமான கப்பல் நின்றதே தவிர, கடலைக் கடப்பது நிற்கவில்லை. யுத்த காலம் முழுவதும், மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் குடும்பங்கள் மீன்பிடிப் படகுகளில், இருட்டில், விளக்கில்லாமல், தம்மிடமிருந்த நகையை விற்றுக் கூலி கொடுத்து வந்தன. சில படகுகள் கவிழ்ந்தன. சிலரைத் தனுஷ்கோடிக்கு அப்பால் மணல் திட்டுகளில் இறக்கிவிட்டுப் படகோட்டிகள் திரும்பிவிட்டார்கள். 2022இல் இலங்கையின் பொருளாதாரம் சரிந்தபோது, அரிச்சல்முனைக்கருகில் அதே மணல் திட்டுகளில் கைக்குழந்தைகளோடு ஜனங்கள் மறுபடி நின்றார்கள். இதையும் இரவுப் பிரயாணம் என்றுதான் சொல்லவேண்டும். அறையில்லாத டெக் பிரயாணிக்குக்கூடக் கப்பலில் உயிர் காக்கும் மிதவை இருந்தது, வைத்தியர் இருந்தார், பெயர் எழுதிய பட்டியல் இருந்தது. படகில் வந்தவருக்கு அவற்றில் எதுவும் கிடையாது. ஆகவே இறந்தவர்களின் கணக்கும் கிடையாது.

அப்படி வந்தவர்களில் பலர் தமிழகத்தின் மறுவாழ்வு முகாம்களில் இருக்கிறார்கள். திருவண்ணாமலை மாவட்டத்திலும் அத்தகைய முகாம்கள் உண்டு. அங்கே பிறந்து வளர்ந்து மணமுடித்துப் பேரன் பேத்தி எடுத்தவர்களில், ஊர் திரும்பவேண்டுமென்று எண்ணுகிறவர்களுக்குக் கப்பல் ஒரு நடைமுறைப் பிரச்சினை. தையல் இயந்திரம், கிரைண்டர், பிள்ளைகளின் புத்தகங்கள், மோட்டார் சைக்கிள் என முப்பது நாற்பது ஆண்டுகளில் சிறுகச் சிறுகச் சேர்த்த பொருள்தான் அவர்களுடைய ஆஸ்தி. விமானத்தில் தலைக்கு இவ்வளவு எடை என்ற அளவுக்குள் அந்த ஆஸ்தியை அடக்கமுடியாது. அவற்றை விட்டுவிட்டுப் போவதென்றால், இரண்டாம் முறையும் வெறுங்கையோடு கடல் கடப்பதாகும்.

■ இப்போது ஓடுவன

முயற்சிகள் நடக்காமலில்லை. 2011 ஜூனில் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு ‘ஸ்காட்டியா பிரின்ஸ்’ என்ற பெரிய கப்பல், பழைய இராப்பிரயாணத்தை அப்படியே மீட்பதுபோலப் புறப்பட்டது. பிரயாணிகள் போதாமல் நவம்பரில் நின்றது. 2023 அக்டோபர் 14 அன்று நாகையிலிருந்து காங்கேசன்துறைக்கு ‘செரியாபாணி’ விடப்பட்டு, சில நாட்களிலேயே ஓய்ந்தது. 2024 ஆகஸ்டு 16 முதல் அதே பாதையில் ‘சிவகங்கை’ போகிறது. நூற்றைம்பது பேர் அமரக்கூடிய வேகப்படகு, நான்கு மணி நேரப் பிரயாணம். இன்னொருபுறம் 2022 முதல் சென்னையிலிருந்து உல்லாசக் கப்பல்கள் புறப்படுகின்றன. அவற்றில் ஏறுகிறவர் நீச்சல் குளத்துக்கும் நாட்டிய அரங்குக்கும் பணம் கொடுத்து, ஏறிய இடத்திலேயே இறங்குகிறார். அதை நான் குறைகூறவில்லை. ஆனால் அமெரிக்க அனுபவம் கண்முன் இருக்கிறது: உல்லாசத்தை மாத்திரம் நம்பிய கப்பல், ஒரு தாக்குதலோ ஒரு தொற்றுநோயோ வந்தால் முதலில் காலியாகும் கப்பல். தகப்பனின் கருமாதிக்குப் போகிறவனையும், மூட்டை கட்டிய சிறு வியாபாரியையும் ஏற்றுகிற கப்பலுக்குக் கூட்டம் குறையாது. குறைவது வருமானந்தான், அந்தக் குறையை ஈடுசெய்ய யாரேனும் முன்வரவேண்டும்.

தலைமன்னாருக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே மறுபடி கப்பல் விடுவதைப் பற்றி இரு அரசாங்கங்களும் பேசிவருகின்றன. பேச்சில் கேட்கப்படாத இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அந்தமான் கப்பலுக்கு மத்திய அரசாங்கம் தன் செலவில் ஈடுகட்டுவதுபோல இந்தப் பாதைகளுக்கும் ஈடுகட்டுமா என்பது ஒன்று. மற்றொன்று பருவத்தைப் பற்றியது. நாகையிலிருந்து போகும் சிறிய படகு வடகிழக்குப் பருவக்காற்றின் கடலைத் தாங்காமல் ஐப்பசி, கார்த்திகையில் நிறுத்தப்படுகிறது. அண்ணாமலையின் உச்சியில் தீபம் ஏற்றும் நாள் கார்த்திகையில்தான் வருகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து அந்தத் தீபத்துக்கு வர விரும்பும் குடும்பம், கடல் நடுவே அறுபது கடல்மைல்தான் என்றாலும், பலாலியில் எழுபது சொச்சம் இருக்கைகளே உள்ள விமானத்தில் இடம் தேடவேண்டியிருக்கிறது. இடமோ பணமோ இல்லாவிட்டால் வராமல் இருந்துவிடுகிறது. மழைக்காலத்துக் கடலைத் தாங்கும் உடலும், மூட்டைகளுக்குச் சரக்கறையும், இரவில் படுத்துப் போகத் தளமும் உடைய கப்பலொன்றை, இப்போது ஆழமுள்ள தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து ஆண்டு முழுவதும் ஓட்ட என்ன செலவாகும் என்ற மதிப்பீட்டை, மத்தியத் துறைமுக அமைச்சகம் அடுத்த தீபத்துக்கு முன் பாராளுமன்றத்தில் வைக்கட்டும்.